பசிலிக்கா பார்க்க வந்தவள்

சேசு மரி சூசை

12 ஜூன் 2024

அன்புள்ள மருமகள் ஆக்னஸுக்கு மாமி மிக்கேலம்மாள் எழுதுவது. மாதாவின் தயவால் இங்கு நானும் மகன் சகாயமும் சுகம். அந்த ஹைதராபாத்தில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று செபமாலையில் ஒரு பத்துமணி உனக்காகவே சொல்லி வருகிறேன்.

நீ வீட்டை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் விலாசத்தை உன் தங்கையிடம் கெஞ்சித்தான் வாங்கினேன், அவளைத் திட்டாதே. சகாயத்துக்குத் தெரியாது. சாயங்காலமானால் அவன் என் போனை வாங்கி, யாரோடு பேசினேன் என்று பார்ப்பான். அதனால்தான் இந்தக் காலத்திலும் காகிதம் எழுதுகிறேன். நீ பதில் போட்டால் மடத்துத் தையல் வகுப்பு விலாசத்துக்குப் போடு. சிஸ்டர் வாங்கி வைத்துத் தருவார்.

சகாயம் இப்போது முன்னைப்போல் இல்லை. குடிப்பதில்லை. கோயில் பங்குப் பேரவையில் சேர்த்திருக்கிறார்கள். ஞாயிறு இரண்டாம் பூசையில் வாசகம் அவன்தான் வாசிக்கிறான். என்ன குரல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஆம்பிளை கோபத்தில் கை நீட்டுவது எந்த வீட்டில் இல்லை? அதற்காகப் பெண்பிள்ளை ஊர்விட்டு ஊர் போனால் யாருக்கு அசிங்கம்?

இன்னொன்று. தாலி கட்டினவனைப் பிரிந்து இருக்கிறவள் பூசையில் சாமியார் கையால் நற்கருணை நன்மை வாங்கக் கூடாதாம், அது சாவான பாவமாம். நம் கோயில் உபதேசியார் மாதா கெபிக்கு முன்னால் வைத்து எல்லோரும் கேட்கச் சொன்னார். நீ பூசைக்குப் போனாலும் நன்மைக்கு எழுந்து போகாதே மக்ளே. உன் ஆத்துமத்துக்காகச் சொல்கிறேன். சீக்கிரம் வந்து சேர்.

மழைக் காலம், தலையைத் துவட்டிக்கொள். உன் சுகத்துக்கு எழுது.

மாமி,
மிக்கேலம்மாள்


சைனிக்புரி, 26 ஜூன் 2024

மாமிக்கு ஆக்னஸ் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஊரில் யார் சுகத்தையாவது கேட்கத் தோன்றினால் அது அந்த முழங்காலின் சுகத்தைத்தான்.

நான் வர மாட்டேன். இதை முதலிலேயே எழுதிவிட்டால் மீதிக் கடிதத்தை நீங்கள் நிம்மதியாகப் படிக்கலாம்.

சனத்நகரில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சைனிக்புரியில் ஒரு மாடி போர்ஷன். கீழே வீட்டுக்காரர் வெங்கடராமன், ராணுவ ஆராய்ச்சி ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பகவதி ஆன்ட்டிக்குத் தென்காசிப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்தவர், பிள்ளைகள் வெளிநாட்டில். பேசுவது பாதி தமிழ், பாதி இந்த ஊர் உருது. 'நக்கோ' என்றால் வேண்டாம், 'கைக்கு' என்றால் எதற்கு. இந்த இரண்டு வார்த்தையை வைத்தே அவர் வீட்டை நடத்திவிடுகிறார். எனக்கும் இந்த இரண்டும் முன்பே தெரிந்திருந்தால் உபயோகமாக இருந்திருக்கும்.

நன்மை வாங்காதே என்று எழுதியிருக்கிறீர்கள். கவலை வேண்டாம். நான் கோயில் பக்கமே போவதில்லை. உங்கள் மகன் வாசகம் வாசிக்கிற இடத்தில் எனக்கு வேலை இல்லை. போன வருஷம் என் விலா எலும்பு முறிந்த அன்று நீங்கள் அடுத்த அறையில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் கத்தக் கத்த உங்கள் சத்தமும் கூடியது. எனக்காக இப்போது சொல்லும் பத்துமணியை அன்றைக்கு நிறுத்திவிட்டு எழுந்து வந்திருக்கலாம். கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபம்தான்.

தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள். மாடிப்படி ஏறாதீர்கள்.

ஆக்னஸ்


சேசு மரி சூசை

23 ஜூலை 2024

அன்புள்ள ஆக்னஸுக்கு மாமி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் எல்லோரும் சுகம். உன் காகிதம் கிடைத்தது. தலைப்பில் சேசு மரி சூசை போடவில்லை. உன் அம்மா உனக்கு அதைக்கூடச் சொல்லித் தராமலா அனுப்பினாள்?

நீ எழுதினதற்கு நான் என்ன பதில் எழுதட்டும். உன் மாமனாரும் அப்படித்தான். நான் இருந்து காட்டவில்லையா? சாகிறதற்கு முன்னால் அவர் இந்த வீட்டை என் பெயருக்கு எழுதி வைத்தார். அவர் எனக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அது. பொறுத்ததற்குக் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

கிணற்றடியில் பாசி. வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு பிசகிவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறது. வலது கை நன்றாக இருப்பதால் எழுத முடிகிறது. தையல் வகுப்புக்கு இரண்டு வாரம் போகவில்லை, அதனால்தான் உன் காகிதம் எனக்குத் தாமதமாகக் கிடைத்தது. சிஸ்டர் கையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. நல்லவர்.

சகாயம் உன் பெயரை எடுப்பதில்லை. அவன் மனசில் நீதான் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். யோசித்துப் பார்.

முழங்கால் பரவாயில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

மாமி,
மிக்கேலம்மாள்


சைனிக்புரி, 18 ஆகஸ்ட் 2024

மாமிக்கு ஆக்னஸ் எழுதுவது. சுகம். உங்கள் கை எப்படி இருக்கிறது?

கோயில் பக்கம் போவதில்லை என்று எழுதியிருந்தேன். போய்விட்டேன். ஆனால் கும்பிடப் போகவில்லை, சுற்றிப் பார்க்கப் போனேன். கதையைக் கேளுங்கள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் பகவதி ஆன்ட்டி போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் போய் மூட்டையாகக் காய் வாங்கி வருவார். மூன்று பேர் வீட்டுக்கு எதற்கு ஒரு மூட்டை வெண்டைக்காய் என்று அங்கிள் கேட்டால் அடுத்த சனிக்கிழமையும் ஒரு மூட்டை வரும். வழியில் செகந்திராபாத்தில் மாதா கோயில் ஒன்று, பெரிய பழைய கோயில். போப்பாண்டவர் பசிலிக்கா என்று பட்டம் கொடுத்திருக்கிறார். ஆன்ட்டி இத்தனை வருஷமாக அதன் கோபுரத்தைப் பஸ்ஸில் இருந்தே பார்த்திருக்கிறாராம். 'கோவாவுக்குப் போயி அங்க உள்ள சர்ச்சை எல்லாம் போட்டோ எடுத்தோம். உள்ளூர்ல இருக்கறத பாத்ததில்ல. நீ கேத்தலிக்தான, கூட்டிட்டுப் போ' என்றார். 'நான் போறதில்லை ஆன்ட்டி' என்றேன். 'போகாட்டி என்ன, நாம டூரிஸ்டாப் போவோம். டூரிஸ்டை யார் என்ன கேக்கப் போறா?' என்றார். ஆகஸ்ட் பதினைந்து லீவு. அங்கிள் காலனியில் கொடியேற்றப் போனதும் நாங்கள் கிளம்பிவிட்டோம்.

எனக்குப் புத்தி எங்கே போனதோ. ஆகஸ்ட் பதினைந்து மாதா விண்ணேற்புத் திருநாள், அந்தக் கோயிலுக்கே பெயர் கொண்ட திருநாள். சுதந்திர தினம் என்று லீவை மட்டும் எண்ணிக்கொண்டு போயிருக்கிறேன். உள்ளே கால் வைக்க இடமில்லை, பூசை நடந்துகொண்டிருந்தது. ஆன்ட்டி கையில் கேமரா. உயரமான வளைவுகள், கண்ணாடிச் சன்னலில் வெயில் விழுந்து தரையெல்லாம் நீலமும் சிவப்புமாக. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். என் கால் தானாக முழங்கால்படியிடத் தெரிந்துவைத்திருந்தது. நான் விடவில்லை. டூரிஸ்ட் முழங்காலில் நிற்க மாட்டாள்.

நன்மை கொடுக்கும் நேரம் வந்தது. கூட்டம் எழுந்தது. திரும்பிப் பார்த்தால் ஆன்ட்டி வரிசையில் போய்க்கொண்டிருக்கிறார். பிரசாதம் என்று நினைத்துவிட்டார். கையை நீட்டி, இடது கையை வலது கைக்குக் கீழே வைத்து, பெருமாள் கோயில் தீர்த்தத்துக்கு நிற்பது போல. வரிசையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் பக்கத்தில் வந்து, நீங்கள் கத்தோலிக்கரா என்று ஹிந்தியில் கேட்டார். ஆன்ட்டி கொஞ்சமும் தயங்காமல், 'நக்கோ பாபா, நாங்க டூரிஸ்ட். அந்தப் பொண்ணுதான் கேத்தலிக், அவ உக்காந்திருக்கா' என்று என்னைக் கை காட்டினார். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சாமியார் சிரித்துக்கொண்டே ஆன்ட்டியின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்து அனுப்பினார்.

திரும்பி வந்து கோபித்துக்கொண்டார். 'எனக்குத் தரல. உனக்குத் தருவாங்கல்லா? நீ கைக்கு உக்காந்திருக்கே?' என்றார். எனக்குத் தரக் கூடாதாம் என்றேன். 'யாரு சொன்னா?' ஊரில் சொன்னார்கள் என்றேன். 'நேர்ல கேட்டியா?' என்றார். பஸ்ஸில் வீடு வரும்வரை அதுவே மண்டையைக் குடைந்தது.

கிணற்றடியில் பாசி என்று எழுதியிருக்கிறீர்கள். கிணற்றைச் சிமெண்ட் போட்டு மூடி மோட்டார் வைத்தது நான் அந்த வீட்டில் இருக்கும்போதுதான். உங்கள் கையைப் பற்றி மறுபடியும் எழுதுங்கள்.

ஆக்னஸ்


சேசு மரி சூசை

14 செப்டம்பர் 2024

அன்புள்ள ஆக்னஸுக்கு மாமி எழுதுவது. சுகம். உன் சுகத்துக்குக் கேட்கிறேன்.

நீ எழுதினதைச் சிரித்துக்கொண்டே படித்தேன். அப்புறம் பயமாகிவிட்டது. அந்த அம்மாள் தெரியாமல் செய்தது, அது பாவமாகாது. ஆனால் நீ தெரிந்தே சும்மா உட்கார்ந்திருந்தாயே. பெரிய திருநாள் அன்று மாதா முன்னால் வேடிக்கை பார்க்கிறவளாக. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மாதா சுரூபம் எப்படி இருக்கிறது? கிரீடம் உண்டா? பீடம் பளிங்கா மரமா? நம் ஊரில் இருந்து அங்கே வர எத்தனை நாள் ஆகும்? நான் மதுரைக்கு அந்தப் பக்கம் போனதில்லை. வேளாங்கண்ணிக்குக்கூட உன் மாமனார் இருக்கிறவரை விடவில்லை.

நன்மை வாங்கலாமா என்று அங்கே உள்ள சாமியாரிடம் நீ கேட்டாயா? நான் நம் உபதேசியாரிடம் மறுபடி கேட்டேன். கூடாது என்றால் கூடாது என்றார்.

ஆக்னஸ், நீ வந்துவிடு. ஊருக்காக வேண்டாம், சகாயத்துக்காகவும் வேண்டாம். எனக்காக வா.

மழை இங்கே சரியாகப் பெய்யவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமி,
மிக்கேலம்மாள்


சைனிக்புரி, 29 செப்டம்பர் 2024

மாமிக்கு ஆக்னஸ் எழுதுவது. நான் சுகம். நீங்கள் சுகமா என்று இந்தத் தடவை கேட்கவில்லை, காரணம் கீழே இருக்கிறது.

முதலில் சாமியாரைப் பற்றி. போன ஞாயிறு மறுபடி பசிலிக்காவுக்குப் போனேன், டூரிஸ்டாகத்தான். ஆன்ட்டி துணைக்கு வந்தார், இந்த முறை கேமரா இல்லை. பூசை முடிந்ததும் நேரே போய்க் கேட்டேன். கேட்டேன் என்றா எழுதினேன், சண்டைக்குப் போனேன். அடிக்கிற புருஷனை விட்டு வந்த பெண்ணுக்கு உங்கள் கோயிலில் இடம் உண்டா இல்லையா, இல்லையென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், நான் சன்னல்களை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன். அவர் மதுரைப் பக்கத்துக்காரர். 'வேற கல்யாணம் பண்ணியிருக்கீங்களா?' என்றார். இல்லை என்றேன். 'பிறகு யாரும்மா உங்களைத் தடுத்தது? அடிக்கிற வீட்டை விட்டு வெளியே வர்றதுக்குத் திருச்சபைச் சட்டமே இடம் கொடுக்குது. பிரிஞ்சு இருக்கறது பாவமில்ல. நீங்க நன்மை வாங்கலாம், எப்பவும் வாங்கியிருக்கலாம்' என்றார்.

எப்பவும் வாங்கியிருக்கலாம். இதைக் கேட்டதும் நான் சந்தோஷப்படவில்லை மாமி. கோபம்தான் வந்தது. உபதேசியாருக்குத் தெரியாது, சரி. பங்குப் பேரவையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் மகனுக்குமா தெரியாது? ஊரில் எத்தனை பெண்கள் இந்த ஒரு பொய்க்குப் பயந்து அடி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்? நான் இன்னும் நன்மை வாங்கவில்லை. வாங்கும் நாளை நான் முடிவு செய்வேன்.

இப்போது உங்களைப் பற்றி. எனக்காக வா என்று எழுதியிருக்கிறீர்கள். மூடின கிணற்றடியில் யாரும் வழுக்கி விழ முடியாது. நானும் அதே கிணற்றடியில்தான் விழுந்தேன் என்று என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இன்னொரு தரம் குளியலறையில். இன்னொரு தரம் பஸ் படியில். அந்தப் பொய்களை எல்லாம் நீங்களும் கூட இருந்து சொன்னீர்கள். நான் கிளம்பின பிறகு அந்த வீட்டில் அவன் கைக்கு எட்டுகிற ஆள் நீங்கள் ஒருவர்தான். நான் திரும்பி வந்தால் அடி மறுபடி என் பக்கம் திரும்பும், உங்கள் கை பிழைக்கும். அதற்காகத்தானே கூப்பிடுகிறீர்கள்? இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள்.

ஆக்னஸ்


சைனிக்புரி, 3 நவம்பர் 2024

மாமிக்கு ஆக்னஸ் எழுதுவது. உங்களிடம் இருந்து ஒரு வரியும் இல்லை. கடிதம் அவன் கையில் சிக்கிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. சிஸ்டருக்குப் போன் செய்தேன். நீங்கள் தையலுக்கு வருவதாகவும், கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டதாகவும் சொன்னார். அப்படியானால் நீங்களாகத்தான் எழுதவில்லை.

கடுமையாக எழுதிவிட்டேன் என்று ஆன்ட்டி சொல்கிறார். எழுதினதில் ஒரு வார்த்தையையும் நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நீங்கள் பதில் எழுதாமல் இருப்பது எனக்குத் தாங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கல்லறைத் திருநாளுக்கு மாமனார் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றப் போயிருப்பீர்கள். முழங்கால் வலியோடு அந்த மேட்டில் ஏறியிருப்பீர்கள்.

ஒரு வரி போதும்.

ஆக்னஸ்


சேசு மரி சூசை

30 நவம்பர் 2024

ஆக்னஸுக்கு மாமி எழுதுவது.

ஆமாம்.

அதற்காகத்தான் கூப்பிட்டேன். இந்த வார்த்தையை எழுத எனக்கு இத்தனை நாள் பிடித்தது. நீ போன மறு வாரமே ஆரம்பித்துவிட்டான். மீன் குழம்பில் புளி கூடிவிட்டது, அவ்வளவுதான். புருஷன் அடித்தபோது எனக்கு வலித்தது. பெற்ற பிள்ளை அடித்தபோது வலிக்கவில்லை, வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவன் வாசகம் வாசிக்கும்போது பக்கத்தில் உள்ளவர்கள் 'ஒங்க மொவன் என்னா அழகா வாசிக்கான்' என்பார்கள். நான் தலையை ஆட்டுவேன். இதை எந்தச் சாமியாரிடமும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. என் பாவம் இல்லாததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நீ வராதே. இனிமேல் கூப்பிட மாட்டேன்.

சுகம் என்று எழுத மனசு வரவில்லை. நீ சுகமாக இரு.

மிக்கேலம்மாள்


சைனிக்புரி, 11 டிசம்பர் 2024

அன்புள்ள மாமிக்கு ஆக்னஸ் எழுதுவது. உங்கள் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்து அங்கேயே அழுதேன். பக்கத்து சீட் சுபாஸ்ரீ தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

நான் வர மாட்டேன். நீங்கள் வாருங்கள்.

பதறாதீர்கள். ஓடி வரச் சொல்லவில்லை. இந்த வயதில் ராத்திரியோடு ராத்திரியாக நீங்கள் எதற்கு ஓட வேண்டும்? வரப்போவது திருச்சபையின் ஜூபிலி ஆண்டு. ஊர் ஊராக யாத்திரை போவார்கள், நம் பங்கிலும் போவார்கள். செகந்திராபாத்தில் ஒரு பசிலிக்கா இருக்கிறது, உலகத்துப் பெண்கள் எல்லாம் வந்து பார்க்கிறார்கள், நீங்களும் வந்து பாருங்கள். டூரிஸ்டை யாரும் எதுவும் கேட்பதில்லை. இது பகவதி ஆன்ட்டி கண்டுபிடித்த சட்டம், நான் சோதித்துப் பார்த்துவிட்டேன்.

ஆன்ட்டியிடம் எல்லாம் சொன்னேன். கீழே அவர் மகன் அச்யுத்தின் அறை காலியாகக் கிடக்கிறது. அங்கிள் உடனே அதற்குப் புது ஃபேன் மாட்டிவிட்டார். 'எத்தனை நாள் இருப்பாங்க?' என்றார். ஆன்ட்டி, 'அத கைக்குக் கேக்கறீங்க?' என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அப்புறம் வெண்டைக்காய்க்கு ஆள் கிடைத்தது என்று ஆன்ட்டிக்கு ஒரே சந்தோஷம்.

பீடம் பளிங்கா மரமா என்று கேட்டீர்கள். நான் சொல்ல மாட்டேன். வந்து பாருங்கள்.

ஆக்னஸ்


சேசு மரி சூசை

22 ஜனவரி 2025

அன்புள்ள ஆக்னஸுக்கு மாமி எழுதுவது. புது வருஷம் உனக்கும் அந்த வீட்டாருக்கும் நன்றாக இருக்கட்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். நம் கோயில் பெண்கள் சபை, மரியாயின் சேனையில் பிப்ரவரிக்கு யாத்திரை போட்டிருக்கிறார்கள். விஜயவாடாவில் குணதலை மாதா திருநாள், அது முடிந்து இரண்டு நாள் ஹைதராபாத்தும் பார்த்துவிட்டுக் கச்சிகுடா ரயிலில் நாகர்கோவில் திரும்புவது. ஹைதராபாத்தைச் சேர்க்கச் சொன்னது யார் என்று நினைக்கிறாய்? நான்தான். பசிலிக்கா பார்க்காமல் ஜூபிலி யாத்திரை எப்படி நிறையும் என்று கேட்டேன். எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

சகாயத்திடம் நான் கேட்கவில்லை. சேனைத் தலைவியையும் நாலு பெண்களையும் வீட்டுக்கு வரச் சொல்லி அவர்களைக் கேட்க வைத்தேன். பேரவை உறுப்பினர், தாயை மாதா திருநாளுக்கு விடமாட்டேன் என்று வெளியாட்கள் முன்னால் எப்படிச் சொல்வான்? 'அதுக்கென்ன, அம்மா சந்தோசமாப் போயிட்டு வரட்டும்' என்று காப்பி போடச் சொன்னான். அவர்கள் போன பிறகு டம்ளரை எறிந்தான். என் மேல் படவில்லை. தினமும் சாயங்காலம் போன் எடுக்க வேண்டும் என்றிருக்கிறான்.

உபதேசியார் விஷயமும் சொல்ல வேண்டும். போன வாரம் கெபியில் செபமாலை முடிந்ததும், நாலாம் தெருவில் அம்மா வீட்டோடு வந்திருக்கிற ஒரு பெண்ணிடம் நன்மைக்கு வராதே என்றார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. 'யாரு சொன்னா? நேர்ல கேட்டீரா?' என்றேன். செகந்திராபாத் பசிலிக்கா சாமியார் சொன்னதை அப்படியே சொன்னேன். பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்போம் வாரும் என்றேன். அவர் வரவில்லை. நாங்கள் பெண்களே போனோம். நம் சாமியாரும் அதையேதான் சொன்னார். அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை நன்மை வாங்கினாள், நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். வாசக மேடையில் இருந்து சகாயம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு சின்னப் பைதான் எடுத்து வர முடியும். இரண்டு சேலை, செபமாலை, உன் மாமனார் எழுதித் தந்த வீட்டுப் பத்திரம். முழங்கால் தைலமும்.

இதற்குப் பதில் எழுதாதே. நேரில் பேசலாம்.

மாமி,
மிக்கேலம்மாள்


சேசு மரி சூசை

ஹைதராபாத், 16 பிப்ரவரி 2025

மகன் தேவசகாயத்துக்கு அம்மா எழுதுவது. நான் சுகம். இந்த வார்த்தையை ஆயுசு பூராவும் எழுதியிருக்கிறேன், இன்றைக்குத்தான் யோசிக்காமல் எழுதுகிறேன்.

போன் எடுக்கவில்லை என்று கத்திக்கொண்டிருப்பாய். அதை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டேன். யாத்திரைக் கூட்டம் இப்போது ரயிலில் வந்துகொண்டிருக்கும். நான் அதில் இல்லை.

நேற்றுக் காலை பசிலிக்கா பார்த்தோம். வாசலில் காவலுக்கு நின்றவர் பூசைக்கா, பார்க்கவா என்று கேட்டார். பார்க்க என்றேன். நன்றாகப் பார்த்தேன். பீடத்தைப் பார்த்தேன், மாதாவைப் பார்த்தேன், சன்னல்களைப் பார்த்தேன். யாரும் என்னை எங்கே போனாய், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை. கடைசி பெஞ்சில் ஆக்னஸ் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு இந்து அம்மாள். பூசை தொடங்கியதும் நாங்கள் மூன்று பேரும் அங்கேயே இருந்தோம். நன்மை நேரத்தில் நான் எழுந்தேன், ஆக்னஸும் எழுந்தாள். உன்னை விட்டு வந்த பிறகு அவள் வாங்குகிற முதல் நன்மை அது. எனக்காகக் காத்திருந்தாளாம். அந்த அம்மாள் பெஞ்சில் இருந்து, போங்க, போங்க என்று கையை ஆட்டினாள்.

சாயங்காலம் ஸ்டேஷனில் ரயில் ஏறும் இடத்தில் சேனைத் தலைவி என் பையை வாங்க வந்தார். நான் வரவில்லை என்றேன். ஏன் என்றார். 'எம் பிள்ள என்னை அடிக்கான். மருமவளையும் அடிச்சான். கெணத்தடியில நான் விழல' என்று சொன்னேன். எல்லோரும் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன். இந்தக் காகிதம் உன் கைக்கு வருவதற்குள் ஊர் பூராவும் தெரிந்திருக்கும். யார் சொன்னது என்று தேட வேண்டாம், நான்தான். பங்குச் சாமியாருக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். இங்கே ஒரு வக்கீல் அம்மாவையும் பார்த்தோம். அங்கிருந்து உனக்கும் காகிதம் வரும்.

அடுத்த ஞாயிறு உனக்கு வாசகம் உண்டு. வாசித்தால் முன் வரிசையில் இருக்கிற பெண்கள் முகத்தைப் பார்த்து வாசி.

அரிசி டிரம் நிறைய இருக்கிறது. புளி மேல் தட்டில். குழம்புக்கு எவ்வளவு போட வேண்டும் என்று உனக்குத்தான் நன்றாகத் தெரியுமே.

நான் யாரையும் விட்டு ஓடி வரவில்லை. ஊர் பார்க்க வந்திருக்கிறேன். சார்மினார் பார்க்க வேண்டும், கோல்கொண்டா பார்க்க வேண்டும், இங்கே ஒரு பெரிய காய்கறி மார்க்கெட் இருக்கிறதாம், அதையும் பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் ஊர் பார்க்க வந்தவர்கள் தங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போவார்கள். நானும் ஈஸ்டர் கழித்து என் வீட்டுக்கு வருவேன். பத்திரம் என் பையில்தான் இருக்கிறது. நான் வந்து கதவைத் திறக்கும்போது நீ அதற்குள் இருக்கக் கூடாது.

அம்மா,
மிக்கேலம்மாள்